தோட்டப் பட்டணத்திலிருந்து தத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு: முதலாண்டு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையில் சனிக்கிழமை மாலைகளில் சில பிள்ளைகளோடு உட்காருகிறேன். பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறவர்களும் வருகிறார்கள், வேறு துறையில் இருந்துகொண்டு தத்துவப் பாடம் எடுத்தவர்களும் வருகிறார்கள். நானும் இந்த ஊர்ப் பிள்ளைதான். அம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் தத்துவப் பட்டம் முடித்தேன். ஆறு வருடம் ஆனது. அதில் முதல் இரண்டு வருடம் எப்படிப் படிப்பது என்று தெரியாமலேயே கழிந்தது. அந்த இரண்டு வருடத்தை இந்தப் பிள்ளைகள் இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே தடுமாறுகிற பிள்ளைகளை நான் பார்த்தவரை, யாருக்கும் அறிவில் குறையில்லை. வேலையின் வரிசைதான் மாறிப்போகிறது. வாதம் என்ன என்று கண்டுபிடிக்கும் முன்பே கருத்துச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு பிழையைச் சரிசெய்யத்தான்.

1. பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடப்பட்டியலைப் பாருங்கள்

மலேசியாவில் தத்துவம் என்ற பெயரிலேயே இளங்கலைப் பட்டம் கிடைப்பது அரிது. தத்துவப் பாடங்கள் பெரும்பாலும் வேறு துறைகளுக்குள் இருக்கும். இஸ்லாமிய சிந்தனை, சமய ஒப்பீடு, அரசியல் போன்ற துறைகளில் தேடுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் தொழில்நுட்ப ஆய்வியல் துறையில் அறிவியலின் வரலாறும் தத்துவமும் படிக்கலாம். 2019 வாக்கில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அறிமுகமான ‘ஃபல்சாஃபா டான் இசு செமாசா’ (தத்துவமும் நடப்புச் சிக்கல்களும்) என்ற பொதுப்பாடத்தை எந்தத் துறை மாணவரும் எடுக்கத்தான் வேண்டும். அதை வைத்துத் தத்துவம் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது வாசல்படி மட்டும்தான்.

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்தத் துறையின் பாடப்பட்டியலைத் தரவிறக்கிப் பாருங்கள். தர்க்கம், ஒழுக்கவியல், அறிவாய்வியல் (அறிவு என்றால் என்ன என்று ஆராய்வது) மூன்றும் அதில் இருக்கிறதா? மூன்றில் குறைந்தது இரண்டு பாடங்களாவது இல்லையென்றால் அங்கே நீங்கள் தத்துவ வரலாற்றைப் படிப்பீர்கள், தத்துவம் செய்யக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் படிப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன்பே அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா, அரசாங்க வேலை எண்ணம் இருந்தால் அதற்கும் செல்லுமா என்று தகுதிகளை அங்கீகரிக்கும் அமைப்பான எம்.கியூ.ஏ.விடம் கேட்டுவிடுங்கள். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு இறங்க வேண்டாம். கிடைக்குமா கிடைக்காதா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

2. வீட்டில் பேசிவிடுங்கள்

“இதப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?” என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வெளியே போய்ப் படிக்கிறதென்றால் அது மொத்தக் குடும்பத்தின் சேமிப்பு. கோபப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்: இந்தப் படிப்புக்கென்று தனியாக ஒரு வேலை காத்திருக்கவில்லை. ஆனால் நீளமான ஆவணத்தைப் படித்து அதன் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வரும். நான் அதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பதும் இதே வேலைதான். ஆசிரியர் பயிற்சி, பத்திரிகை, அரசாங்க நிர்வாகம் என்று போனவர்களும் உண்டு.

இந்தப் பேச்சை முதல் செமஸ்டருக்கு முன்பே முடித்துவிடுங்கள். பாதிப் படிப்பில் இந்தக் கேள்வி தலைக்கு மேல் தொங்கினால் எந்தக் கட்டுரையிலும் மனம் நிற்காது.

3. கையில் இருக்க வேண்டியவை

நிறைய வேண்டாம். ஒரு கெட்டி நோட்டு, பென்சில், காகிதத்தில் அச்சடித்த வாசிப்புப் பகுதி, உங்களோடு சேர்ந்து படிக்க ஒரே ஒரு ஆள்.

காகிதம் எதற்கு என்றால், தத்துவக் கட்டுரையை முன்னும் பின்னும் புரட்டித்தான் படிக்க முடியும். ஐந்தாம் பக்கத்தில் குழம்பினால் காரணம் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் அந்த இரண்டாம் பக்கத்துக்குத் திரும்புவதே இல்லை. நகல் கடையில் கொடுத்து அச்சடிக்கும் செலவு பெரிதில்லை.

ஆங்கிலத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல பேண்ட் (தரநிலை) வாங்கியவர்களே இங்கே தடுமாறுகிறார்கள், ஏனென்றால் சிக்கல் சொல்வளத்தில் இல்லை. பழக்கமான சொல்லுக்கு இங்கே வேறு பொருள். ‘ஆர்கியுமென்ட்’ என்றால் சண்டை அல்ல, காரணங்களும் அவற்றிலிருந்து வரும் முடிவும். ‘வேலிட்’ என்றால் நல்ல கருத்து அல்ல. அது என்ன என்று அடுத்த படியில் சொல்கிறேன். இப்படிப்பட்ட சொற்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் உங்கள் சொந்த விளக்கத்தை எழுதுங்கள். தமிழில் விளக்க முடியவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

பழைய நூல்கள் வரும்போது ஒரு பெரிய உதவி இருக்கிறது. ஜோனதன் பென்னட் என்ற தத்துவப் பேராசிரியர் டேக்கார்ட், ஹியூம், லாக் போன்றவர்களின் நூல்களை இன்றைய எளிய ஆங்கிலத்தில் மாற்றி இணையத்தில் இலவசமாக வைத்தார். முதலில் அதைப் படித்துவிட்டு அப்புறம் வகுப்பில் கொடுத்த பதிப்புக்குப் போங்கள். 1995-இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியமும் இலவசம்தான். ஆனால் அதன் கட்டுரைகள் முதலாண்டு மாணவருக்குக் கனமானவை. முன்னுரையையும் கடைசியில் உள்ள நூற்பட்டியலையும் மட்டும் பயன்படுத்துங்கள். முழுவதையும் படிக்கப் போய் மூன்று நாளைத் தொலைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

4. தர்க்கத்தில் தொடங்குங்கள்

பாடத்தேர்வில் உங்களுக்கு இடமிருந்தால் தர்க்கத்தை முதல் செமஸ்டரிலேயே எடுங்கள். ஒழுக்கவியல் சுவையாக இருக்கும் என்று பலர் அதை முதலில் எடுக்கிறார்கள். அங்கே எல்லாருக்கும் ஏற்கெனவே கருத்து இருக்கிறது. கருத்து இருக்கிற இடத்தில் வாதத்தைப் பார்க்கக் கண் பழகாது.

இது நமக்கு அந்நியமான பொருளும் அல்ல. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் போல. முடிவு, காரணம், எடுத்துக்காட்டு எல்லாம் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன. முதல் வாரத்தில் வேறொன்றும் செய்ய வேண்டாம். வீட்டில், கடையில், பேருந்தில் கேட்கிற பேச்சில் எது முடிவு, எது காரணம் என்று பிரித்து எழுதுங்கள்.

அடுத்தது ‘வேலிட்’. காரணங்கள் உண்மையாக இருந்தால் முடிவும் உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும் என்கிற அமைப்பு அது. காரணங்கள் உண்மையா என்பது தனிக் கேள்வி. இதைப் பாருங்கள்:

எல்லாச் செம்பனை மரங்களும் ரப்பர்ப்பால் தரும். இது செம்பனை மரம். ஆகவே இது ரப்பர்ப்பால் தரும்.

அறையில் எல்லாரும் சிரிப்பார்கள், தப்பு என்பார்கள். அமைப்பில் தப்பே இல்லை. முதல் வரிதான் பொய். இனி இது:

மழை பெய்தால் மரம் சீவமாட்டார்கள். இன்று மரம் சீவவில்லை. ஆகவே இன்று மழை பெய்தது.

இதைக் கேட்டுப் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இன்று தீபாவளியாக இருந்தால்? இங்கே வரிகளில் குறையில்லை, அமைப்பு உடைந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கைவந்துவிட்டால் முதலாண்டில் பாதி வேலை முடிந்தது. கைவராமல் மேலே போகாதீர்கள். வாரம் இரண்டு மணி நேரம், கணக்குப் போடுவதைப் போல இதில் பயிற்சி செய்யுங்கள். படித்து மனப்பாடம் செய்தால் வராது.

5. ஒரே கட்டுரையை மூன்று தடவை படியுங்கள்

முதல் தடவை வேகமாக. கேள்வி ஒன்றுதான்: இவர் எதை நிறுவப் பார்க்கிறார்? அதை ஒரு வாக்கியத்தில் நோட்டில் எழுதுங்கள். புரியாத இடத்தில் நிற்காதீர்கள்.

இரண்டாம் தடவை மெதுவாக, பத்திகளுக்கு எண் போட்டு. ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் இது யார் பேச்சு என்று குறியுங்கள். ஆசிரியரின் சொந்தக் கருத்தா, எதிராளியின் கருத்தை எடுத்துச் சொல்கிறாரா? இதைச் செய்யாததால் வருகிற பிழைதான் நான் அதிகம் பார்ப்பது. டேக்கார்ட் 1641-இல் வெளியிட்ட ‘சிந்தனைகள்’ என்ற நூலில் ஆறு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் எல்லாவற்றையும் சந்தேகிக்கிறார், பிறகு ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்புகிறார். முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு, உலகம் இல்லை என்று டேக்கார்ட் சொன்னார் என எழுதிக்கொண்டு வருகிறார்கள். சந்தேகம் அவருக்குக் கருவி. அவர் போய்ச் சேர்ந்த ஊர் வேறு.

மூன்றாம் தடவை, கையில் பென்சிலோடு சண்டைக்கு. எந்த வரியை ஏற்க முடியவில்லை, ஏன்?

இருபது பக்கக் கட்டுரைக்கு இந்த மூன்றும் சேர்ந்து நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் ஆவது இயல்பு. ஒரு மணி நேரத்தில் முடியவில்லையே என்று தன்னைத் தாழ்வாக நினைத்துப் பாடத்தையே விட்டவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தக் காரணத்துக்காகவே, முதல் மூன்று மாதம் கணினியிடம் சுருக்கம் கேட்பதையும் தள்ளி வையுங்கள். இந்த மணிக்கணக்கில்தான் திறமை வளர்கிறது. சுருக்கம் அதைப் பிடுங்கிக்கொள்கிறது.

6. வாதத்தை எண் போட்டு எழுதுங்கள்

படித்து முடித்ததும், புத்தகத்தை மூடிவிட்டு, வாதத்தை எண் போட்ட வரிகளாக எழுத வேண்டும். பழக நான் கொடுப்பது எட்மண்ட் கெட்டியர் 1963-இல் எழுதிய கட்டுரை. மூன்றே பக்கம்தான். ஒன்று நமக்குத் தெரியும் என்றால், அதை நம்புகிறோம், அது உண்மை, நம்ப நல்ல காரணம் இருக்கிறது, இந்த மூன்றும் போதும் என்ற கருத்தை அது உடைக்கிறது.

அவருடைய எடுத்துக்காட்டுக்குப் பதில் நான் சொல்வது இது. மாமா வீட்டு வாசலில் அவருடையது என்று நீங்கள் நினைக்கும் சிவப்பு மோட்டார் நிற்கிறது. அவர் வண்டியில்லாமல் எங்கேயும் போகமாட்டார். ஆகவே மாமா வீட்டில் இருக்கிறார் என்று நம்புகிறீர்கள். மாமா வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் அந்த வண்டி அவருடையது அல்ல, அதே நிறத்தில் பக்கத்து வீட்டுக்காரருடையது. மாமாவின் வண்டி பட்டறையில் கிடக்கிறது. அதனால்தான் அவர் வீட்டில் இருக்கிறார். மாமா வீட்டில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

நோட்டில் இப்படி வர வேண்டும்:

(1) நம்பிக்கை, உண்மை, நல்ல காரணம் மூன்றும் இருந்தால் ஒருவருக்கு அது தெரியும் என்று எதிராளி சொல்கிறார்.
(2) இந்த நிகழ்ச்சியில் மூன்றும் இருக்கின்றன.
(3) ஆனாலும் இது தெரிந்திருப்பது ஆகாது.
ஆகவே (1) தவறு.

போன வருடம் ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, மாமா வீட்லதான இருக்காரு? தெரிஞ்சிருந்துச்சுன்னு சொன்னா என்ன தப்பு?” என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, எந்த எண்ணை எதிர்க்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு (3)-ஐச் சுற்றி வட்டம் போட்டான். சரி, அப்படியானால் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து மாமா வீட்டில் இருக்கிறார் என்று ஒருவன் சொல்லி, அதுவும் சரியாக இருந்தால், அவனுக்கும் தெரியுமா? அவன் உடனே, “இல்லண்ணே, அவன்கிட்ட காரணமே இல்ல” என்றான். பிறகு வண்டியைப் பற்றி யோசித்தான். தன் காரணமும் மாமா வீட்டில் இருப்பதோடு ஒட்டவில்லையே என்று அவனே சொன்னான். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் செய்ததுதான் தத்துவம். எண் போட்டிருந்ததால்தான் அது நடந்தது. எண் இல்லாமல் இருந்திருந்தால், எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று சொல்லி உட்கார்ந்திருப்பான்.

7. கட்டுரை எழுதுவது

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இங்கேதான் பெரிய அடி. ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கும் முன்னுரை, நடுவில் ஒரு பழமொழி, கடைசியில் அறிவுரை. இந்த மூன்றையும் வெளியே வையுங்கள். தத்துவக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே நீங்கள் எதை நிறுவப் போகிறீர்கள், எந்தக் காரணத்தால் என்று சொல்லிவிட வேண்டும். வாசிப்பவருக்கு உங்கள் முடிவு முன்பே தெரிந்தால்தான், ஒவ்வொரு பத்தியும் அதைத் தாங்குகிறதா என்று அவரால் பார்க்க முடியும்.

கேள்வி ‘பொய் சொல்வது எப்போதாவது சரியா?’ என்று வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் உடனே எழுதுவது குறள் 292: குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும். எழுதிவிட்டு, ஆகவே சரிதான் என்று முடித்துவிடுவார்கள். வள்ளுவர் சொன்னார் என்பது இங்கே காரணமாகாது. ஜெர்மன் தத்துவவாதி காந்த் சொன்னார் என்பதும் ஆகாது. அந்தக் குறளை எடுங்கள், ஆனால் தீர்ப்பாக வைக்காமல் விவாதத்துக்கு உரிய ஒரு கூற்றாக எழுதுங்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு இம்மானுவேல் காந்த் 1797-இல் எழுதிய சிறு கட்டுரை இருக்கிறது. கொலைகாரன் ஒருவன் வந்து, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்கிறார் காந்த். அவருடைய ஒரு காரணம் கூர்மையானது: நீங்கள் இல்லை என்று பொய் சொல்கிறீர்கள், அந்த நேரத்தில் நண்பன் உங்களுக்குத் தெரியாமலே வெளியேறிவிட்டான், திரும்பிப் போகிற கொலைகாரன் வழியில் அவனைக் கண்டு கொன்றுவிடுகிறான். அந்தச் சாவில் உங்கள் பொய்க்கும் பங்கு உண்டு.

இப்போது குறளுக்குத் திரும்புங்கள். நன்மை ‘தருமானால்’ என்பதற்கு என்ன பொருள்? உண்மையிலேயே நன்மை விளைய வேண்டுமா, விளையும் என்று நினைத்துச் சொன்னால் போதுமா? முதலாவது என்றால் காந்தின் கதை உங்களைப் பிடித்துக்கொள்ளும். சொல்லும்போது சரியாக இருந்த பொய் பத்து நிமிடம் கழித்துத் தவறாக மாறிவிடும். இரண்டாவது என்றால், நல்ல எண்ணத்தோடு சொன்ன எந்தப் பொய்யையும் அனுமதிக்க வேண்டி வரும். இந்த இரண்டுக்கும் நடுவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கட்டுரை. ஒரு தங்கை, சொல்லும் நேரத்தில் நம்ப நல்ல காரணம் இருந்தால் போதும் என்ற நிலையை எடுத்து எழுதினாள். அவள் வாங்கிய மதிப்பெண்ணை விட, அவளுடைய ஆத்தா அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் எதிர்த்து வாதாடியதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

1500 சொல் கட்டுரைக்கு நான் சொல்லும் கணக்கு: தொடக்கம் 100, எதிர்க்கருத்தை நியாயமாக எடுத்துச் சொல்ல 400, உங்கள் வாதம் 500, அதற்கு வரக்கூடிய மிக வலுவான மறுப்பும் உங்கள் பதிலும் 450. மிச்சம் முடிக்க. மறுப்பைப் பலவீனமாக எழுதி எளிதில் சாய்ப்பது பொதுவான பிழை. காந்தே படித்தாலும், ஆமாம், இதைத்தான் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். அதன் பிறகு எதிர்த்தால்தான் எதிர்ப்புக்கு மதிப்பு.

யாருடைய கருத்தை எங்கிருந்து எடுத்தாலும் அந்த வரியிலேயே குறிப்பிடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் மறந்துபோகும், திருட்டு என்று பெயர் வரும்.

8. டியூட்டோரியலில் வாயைத் திறங்கள்

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதையைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் தத்துவ வகுப்பில் விரிவுரையாளரின் வாதத்தைக் கேள்வி கேட்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. “சார், இரண்டாவது காரணத்திலிருந்து முடிவு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை” என்ற ஒரு வாக்கியம் போதும். முந்திய இரவே எழுதி வைத்துக்கொண்டு, முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போகத் தயக்கம் கூடும்.

9. திருத்திய கட்டுரை திரும்பி வந்தால்

எனக்கு முதல் கட்டுரை திரும்பி வந்தபோது மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டேன். அடுத்த மூன்று கட்டுரைகளிலும் அதே பிழையைச் செய்தேன். நீங்கள் ஒரு நாள் ஆறப் போடுங்கள். பிறகு ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்புகளைப் படித்து, அதிகம் அடி வாங்கிய ஒரே ஒரு பத்தியை மட்டும் திரும்ப எழுதுங்கள். முழுக் கட்டுரையையும் திருத்த உட்கார்ந்தால் மூன்றாம் பத்தியிலேயே சலித்துவிடும்.

பழைய பத்தி, புதிய பத்தி இரண்டையும் எடுத்துக்கொண்டு விரிவுரையாளரின் அறைக்குப் போய், “இப்போது வாதம் நிற்கிறதா?” என்று கேளுங்கள். ஏன் மதிப்பெண் குறைந்தது என்று தொடங்காதீர்கள், பேச்சு மதிப்பெண்ணோடு நின்றுவிடும். பத்து நிமிடத்தில் அவர் சொல்வதை வாசலைத் தாண்டியதும் நோட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த இடுபணியைத் தொடங்குவதற்கு முன் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.